ஊருக்கு ஒரு கிண்ணம்

எங்கள் பெரம்பலூர் மாவட்டத்துப் பாடாலூர்ப் பக்கத்தில் வெளிநாடு என்றால் நெடுங்காலமாக வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு, அதாவது பழைய சைகோனுக்கு, வியட்ஜெட் நேரடி விமானம் விட்டதும் வியட்நாமும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டது. வேலைக்காக யாரும் அங்கே போவதில்லை, சுற்றிப் பார்க்கத்தான் போகிறார்கள். நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம். ராத்திரி ஏறி உட்கார்ந்தால் விடிந்ததும் சைகோன். மின்விசா 25 டாலர், வீட்டிலிருந்தபடியே வாங்கிவிடலாம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தால் பயண ஏற்பாடு முடிந்தது.

சாப்பாட்டு ஏற்பாடுதான் முடியாது. திருச்சியில் வியட்நாம் டூர் நடத்துகிறவர்களின் நோட்டீஸை வாங்கிப் பாருங்கள். கு சி சுரங்கம், பா நா மலையின் தங்கப் பாலம், ஹா லாங் விரிகுடாவில் படகு என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு நாளின் கடைசி வரியும் ஒன்றுதான்: இந்திய உணவகத்தில் இரவு உணவு. அந்த இந்திய உணவு என்ன? பன்னீர் பட்டர் மசாலாவும் நானும் மஞ்சள் பருப்பும். பாடாலூரில் எந்த வீட்டிலும் சமைக்காத சாப்பாட்டை, நம் ஊர்ச் சாப்பாடு என்ற பெயரில், கடல் தாண்டிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

நானும் என் தாய்மாமாவும் டூரில் சேராமல் தனியாகப் போனோம். மாமா செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர். மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் சாப்பிட மாட்டார். பூமலை சஞ்சீவிராயரைக் கும்பிடுவதால் சனிக்கிழமை கவுச்சியே கிடையாது. இவ்வளவு நிபந்தனைகளோடு ஒருவர் வியட்நாமில் தெற்கிலிருந்து வடக்குவரை ஒரு வேளைகூட இந்திய உணவகத்துக்குள் கால் வைக்காமல் சாப்பிட முடியும் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

கிளம்பும்போது அவருக்கு இருந்த சந்தேகம் எல்லோருக்கும் இருப்பதுதான். “ஏன் மாப்ள, அங்க நாய்க்கறியெல்லாம் திம்பாங்களாமே? நமக்குத் தெரியாம போட்டுட்டா?” நாய்க்கறி விற்கும் கடைகள் அங்கே இருக்கின்றன, வடக்கில் அதிகம். ஆனால் அவை அதற்கென்றே தனிக் கடைகள், பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். தெரியாமல் யார் தட்டிலும் விழுகிற பொருள் அல்ல அது. நான் இதைச் சொன்னதும் மாமா தலையாட்டினாரே தவிர, பையில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் ஏறிக்கொண்டுதான் இருந்தன.

சைகோனில் காலைச் சாப்பாடு கோம் தம். நெல் அரைக்கும்போது உடைந்து விழுகிற குருணையைச் சோறாக்கி, மேலே கரியடுப்பில் சுட்ட கறியை வைத்துத் தருகிறார்கள். முழு அரிசி விற்பதற்கு, உடைந்தது உழவன் சோற்றுக்கு என்று இருந்த காலத்தில் மீகாங் கழிமுகத்து ஏழைகள் சாப்பிட்டது இது. பிழைக்க வந்தவர்களோடு நகரத்துக்கு வந்து, இன்று அந்த நகரத்தின் பெயரைச் சொல்லும் சாப்பாடாகிவிட்டது. வழக்கமாகப் பன்றியின் விலா இறைச்சிதான் வைப்பார்கள். மாமாவுக்குக் கோழிக்காலும் பொரித்த முட்டையும் கேட்டு வாங்கினேன். ஊறவைத்த முள்ளங்கி, கேரட், வெள்ளரிக்காய், ஒரு சின்னக் கிண்ணத்தில் இனிப்பும் உறைப்புமாகக் கலந்த மீன் சாறு. எல்லாவற்றுக்கும் மேலே பொடிப்பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றி, அதை ஒரு கரண்டி.

“நொய்ய நாம கோழிக்கில்ல போடுறோம். இவங்க கோழிய நொய்க்கு மேல போட்டுத் தர்றாங்க” என்றார் மாமா. அவர் கவனம் கோழியில் இல்லை, வெங்காயத்தாளில் இருந்தது. நம் பக்கம் வெங்காயம் காய்ந்ததும் தாளை அறுத்துவிட்டுக் காயைப் பட்டறையில் ஏற்றுவோம். இங்கே தாளுக்காகவே பயிர் செய்கிறார்கள். எண்ணெய் ஊற்றிய தாள் ஒரு பக்கம். மெல்லிய வட்டங்களாகச் சீவிப் பொன்னிறமாகப் பொரித்த சின்ன வெங்காயம் இன்னொரு பக்கம். இந்த இரண்டும் இல்லாத கிண்ணத்தை அந்த நாட்டில் நாங்கள் பார்த்தது அபூர்வம். தெற்கே கடலோரத்தில் வின் சாவ் என்ற ஊர் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது என்று கேள்விப்பட்டதிலிருந்து மாமா அங்கே போக வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். போகவில்லை. அது வெங்காயம் வாங்குகிற பயணமாக மாறிவிடும்.

மீன் சாற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பாதிப் பேர் திரும்பி ஓடுவது அந்த வாசனைக்குத்தான். நுவாக் மாம் என்கிற அந்தச் சாறு நெத்திலியும் உப்பும் மட்டும் சேர்ந்தது. மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற கணக்கில் பெரிய மரத்தொட்டிகளில் அடைத்து, ஏறக்குறைய ஒரு வருடம் விட்டு, அடியில் வடிகிற தெளிவை இறக்குகிறார்கள். ஃபூ குவாக் தீவும் ஃபான் தியெட் ஊரும் இதில் பெரிய பெயர்கள். தீவின் சாற்றுக்கு 2012-இல் ஐரோப்பிய ஒன்றியமே இடப்பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தது. கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இதில் மிரள ஒன்றுமில்லை. எலுமிச்சையும் சர்க்கரையும் பூண்டும் மிளகாயும் சேர்ந்ததும் வாசனை அடங்கி ருசி மட்டும் நிற்கும்.

சைகோனின் நடுவில், பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில், மாரியம்மன் கோயில் இருக்கிறது. கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களும் சீனர்களும். ஊதுவத்தியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, கருவறைச் சுவரில் முகத்தை வைத்துத் தங்கள் குறையைச் சொல்கிறார்கள். இன்னொரு தெருவில் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில். செட்டிகுளத்தில் கரும்பேந்திய தண்டாயுதபாணியைக் கும்பிட்டு வளர்ந்த மாமா அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டார். தோங் யு தெருவில் 1935-இல் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையோடு இருக்கிறது.

1862-இல் தெற்கு வியட்நாமின் பகுதிகள் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகு, பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுக் குடிமக்களாகப் பதிந்த தமிழர்கள் போலீஸ், வரி, நீதிமன்ற எழுத்து வேலைகளுக்குக் கப்பலேறினார்கள். செட்டிநாட்டவர் வட்டிக்கடை வைத்தார்கள். 1975-க்குப் பிறகு ஏறக்குறைய எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் விட்டுவிட்டு வந்தது குழம்பு. சைகோன் வீடுகளில் விசேஷத்துக்குச் செய்யும் கா ரி கா என்ற கோழிக்குழம்பில் மஞ்சள் கலந்த மசாலாப்பொடி, தேங்காய்ப்பால், எலுமிச்சம்புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு. தொட்டுக்கொள்ளப் பிரெஞ்சு ரொட்டி. சந்தையில் அந்தப் பொடியை இந்தியப் பொடி என்றே விற்கிறார்கள். மாமா ரொட்டியை முக்கி ஒரு வாய் வைத்துவிட்டு, “குழம்புதான். ஆனா நம்ம பாட்டி வைக்கல, யாரோ கேட்டு எழுதி வச்சிருக்காங்க” என்றார். அதைவிடச் சரியாக அந்தக் குழம்பைப் பற்றி யாரும் சொல்லிவிட முடியாது. மறுபக்கம், வியட்நாமியப் பெண்களை மணந்து பாண்டிச்சேரிக்குத் திரும்பிய குடும்பங்களில் அரிசித்தாளில் சுருட்டிப் பொரிக்கும் நெம் இன்னும் பண்டிகைப் பலகாரம். அந்த வகையில் பாடாலூருக்கு மிக அருகில் இருக்கிற வியட்நாம், சைகோனைவிடப் பாண்டிச்சேரிதான்.

சைகோனிலிருந்து தெற்கே கான் தோ. மீகாங் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் விழுகிற சமவெளி, வியட்நாமின் நெற்களஞ்சியம். காய் ராங் மிதக்கும் சந்தைக்கு விடியற்காலையில் எல்லோரையும் படகில் ஏற்றிவிடுகிறார்கள். பாலங்களும் சாலைகளும் வந்த பிறகு சந்தை சுருங்கிவிட்டது. இப்போது விற்கிற படகுகளைவிடப் படம் பிடிக்கிற படகுகள் அதிகம். மதியம் ஓடைக் கரையில் ஒரு வீட்டுக் கடையில் கிடைத்த கான் சுவாதான் கான் தோவுக்குப் போனதன் பயன்.

கான் சுவா ஒரு புளிச்சாறு. புளியைக் கரைத்து, தக்காளியும் அன்னாசியும் வெண்டைக்காயும் சேப்பந்தண்டும் போட்டு, விரால் மீன் துண்டுகளை வேகவைக்கிறார்கள். இறக்கும்போது வயலில் முளைக்கிற ஒரு வாசனைக் கீரை. நாங்கள் போனது கார்த்திகை. கிண்ணத்தில் வெள்ளையாக, வளைந்த இதழோடு ஏதோ மிதந்தது. மாமா கரண்டியால் தூக்கிப் பார்த்துவிட்டு, “அட, அகத்திப்பூ மாப்ள இது” என்றார். அகத்திப்பூவேதான். நம் ஊரில் கொடிக்காலுக்கு நிழலுக்காக நட்டு, கீரையை மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஒடித்துப் போடும் அதே மரம் அங்கே வாய்க்கால் கரையெல்லாம் நிற்கிறது. மழைக்காலம் முடிகிற நேரத்தில் பூத்ததும் அதைப் புளிச்சாற்றில் போடுகிறார்கள். லேசான கசப்பு, உள்ளே ஒரு இனிப்பு, புளிப்போடு சேரும்போது நாக்கு முழுவதும் விழித்துக்கொள்கிறது. வெள்ளக் காலமாக இருந்தால் அகத்திக்கு நெருங்கிய இனமான ஒரு மஞ்சள் பூவும் லின் என்ற பொடிமீனும் சேருமாம். எங்களுக்கு அந்தப் பருவம் தப்பிவிட்டது. புளி, வெண்டை, விரால், அகத்தி. இதில் நமக்கு அந்நியமான பொருள் எது? புளிக்காய்ச்சல் ஜாடியை மாமா அதற்குப் பிறகு திறக்கவில்லை.

தெற்கில் எதிலும் கொஞ்சம் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் இருக்கும். தென்னையும் கரும்பும் விளைகிற மண். பான் ஸெயோ என்ற பெரிய தோசைகூட அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கரைத்து ஊற்றியதுதான். உள்ளே இறாலும் முளைகட்டிய பயறும் வைத்து மடித்துத் தருவார்கள். அதைப் பிய்த்து, கடுகுக்கீரை இலையில் பல வாசனைத் தழைகளோடு சுருட்டி, மீன் சாற்றில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். ஒரு கூடை நிறையத் தழையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நம் நாட்டில் கொத்தமல்லி, கறிவேப்பிலை, புதினா என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டோமே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

சைகோனுக்குத் திரும்பி, அங்கிருந்து ரயில். சைகோனிலிருந்து ஹனோய் வரை 1,726 கிலோமீட்டர், ஒற்றைப் பாதை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1936-இல் முழுமையாகி, போரில் துண்டுதுண்டாகி, 1976-இல் மறுபடி இணைந்தது. விமானத்தில் பறந்தால் சாப்பாடு ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பது தெரியாமலே போய்விடும். 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனதும் தாப் சாம் நிலையத்தில் இறங்கினோம். ஃபான் ராங் ஊரின் நிலையம் அது.

சுற்றுலாப் பட்டியல்களில் ஃபான் ராங்குக்குப் பெரிய இடமில்லை. எனக்கு வியட்நாமில் மிகப் பிடித்த ஊர் அதுதான். நாட்டிலேயே மழை மிகக் குறைவாகப் பெய்யும் பகுதி. பச்சை வயல்களாகவே பார்த்து வந்த கண்ணுக்குத் திடீரென்று முள்மரம், செம்மறியாடு, வெள்ளாடு, காய்ந்த ஓடை. திராட்சைப் பந்தல்களும் பூண்டும் சின்ன வெங்காயமும் அங்கே பேர்போன பாசனப் பயிர்கள். மக்காச்சோளமும் பருத்தியும் வெங்காயமும் போட்டு வானத்தைப் பார்க்கிற பெரம்பலூர்க்காரனுக்கு அந்த நிலத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் குன்றில் போ க்ளோங் கராய் கோபுரங்கள்; 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சம்பா நாட்டு மன்னன் மூன்றாம் ஜெய சிம்மவர்மன் எழுப்பிய செங்கல் கோயில். வாசலுக்கு மேலே ஆடுகிற சிவன். உள்ளே முகலிங்கம். அந்த மரபில் வந்த சாம் மக்கள் இன்றும் அங்கே பூசை செய்கிறார்கள். அவர்களில் இந்த வழிபாட்டைச் சேர்ந்தவர்கள் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும் மாமாவுக்கு அந்த ஊரே சொந்தமாகிவிட்டது.

ஃபான் ராங்கின் காலை உணவு பான் கான். தெருவோரத்தில் ஒரு பெண் தணல் அடுப்பின்மேல் வட்டமான மண்சட்டியை வைத்திருக்கிறார். சட்டியில் குழிகள், ஒவ்வொரு குழிக்கும் கூம்பாக ஒரு மண்மூடி. ஊறவைத்த அரிசியோடு பழைய சோற்றையும் சேர்த்து அரைத்த மாவைக் கரண்டியால் மொண்டு ஊற்றி மூடுகிறார். பேருக்கு ஒரு துளிகூட எண்ணெய் இல்லை. மூடியைத் திறந்து முட்டையோ இறாலோ கணவாயோ வைக்கிறார். வெந்ததும் குழியிலிருந்து கெண்டி எடுத்து, இரண்டிரண்டாக முகத்தோடு முகம் சேர்த்து, வெங்காயத்தாளைத் தூவித் தட்டில் போடுகிறார். குழிப்பணியாரம்தான்; ஆனால் இரும்புச்சட்டியும் நல்லெண்ணெயும் வருவதற்கு முந்தைய பணியாரம் போல அடிப்பக்கம் மண்ணின் சூட்டில் மொறுமொறுப்பாகவும் மேலே பஞ்சாகவும் இருந்தது. தொட்டுக்கொள்ள மீன் குழம்பின் தெளிவு, மீன் சாறு, வேர்க்கடலைச் சாந்து. கூடவே துருவிய மாங்காய். மாவில் சோறு சேர்ப்பதைப் பார்த்துவிட்டு மாமா தன் வீட்டுத் தோசை மாவைப் பற்றிக் கைஜாடையிலேயே அந்தப் பெண்ணிடம் விளக்கினார். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு வைத்தார்.

அந்தக் குழிச்சட்டிகள் பக்கத்திலிருக்கும் பாவ் த்ருக் என்ற சாம் கிராமத்தில் பிறக்கின்றன. அங்கே குயவர்கள் பெண்கள். சக்கரம் கிடையாது. மண்ணை ஒரு பீடத்தில் வைத்துவிட்டு, தாங்களே அதைச் சுற்றிச்சுற்றிப் பின்னால் நடந்து பானையை உயர்த்துகிறார்கள். சூளையும் இல்லை, வெட்டவெளியில் வைக்கோலும் விறகும் அடுக்கிச் சுடுகிறார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வருகிற தொழில். 2022-இல் யுனெஸ்கோ இதை உடனடியாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்துவிட்டது என்று மகிழ்வதா, அப்படி ஒரு பட்டியலில் சேர்க்க வேண்டி வந்ததே என்று வருந்துவதா தெரியவில்லை. ஆனால் அந்த ஊரில் பான் கான் கடை இருக்கும்வரை மண்சட்டிக்குத் தேவை இருக்கும். சமையலறை காப்பாற்றுகிற கைத்தொழிலை அருங்காட்சியகம் காப்பாற்றிவிட முடியாது.

ந்யா சாங்கைச் சீக்கிரம் கடந்தோம். கடற்கரை ஓட்டல்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி. தா நாங்கிலும் ஹோய் ஆனிலும் நின்றோம். ஹோய் ஆனின் பெருமை காவ் லாவ் என்ற தடித்த, பழுப்பு நிற அரிசிச்சேவை. சாம் தீவு மரத்தின் சாம்பல் தண்ணீரில் அரிசியை ஊறவைக்க வேண்டும், பா லே கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார்கள். கதை நன்றாக இருக்கிறது, கிண்ணம் சுமார். அதே வட்டாரத்தின் மீ குவாங்குக்கு இவ்வளவு விளம்பரம் இல்லை, ருசி இரண்டு மடங்கு. மஞ்சள் கலந்த அகலமான அரிசிச்சேவை, கிண்ணத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் சாறு, மேலே கோழியோ இறாலோ, உடைத்த வேர்க்கடலை, எள் பதித்த அரிசி அப்பளம். அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்து சாப்பிட வேண்டும். பக்கத்தில் மி சோன் சிவன் கோயில்கள். இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது 2020-இல் 9-ஆம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று வெளிப்பட்டது. சேவை சாப்பிட்ட கையோடு அதையும் பார்த்தோம்.

ஹாய் வான் கணவாயைத் தாண்டி ஹுவேயில் இறங்கியபோது மழை. அந்தப் பருவத்தில் ஹுவேயில் மழை விடாது. 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகரம் அது. அரண்மனைச் சமையலின் பழக்கம் இன்றும் ஊரின் தட்டில் இருக்கிறது. எல்லாமே சின்னச்சின்னதாக வரும். பான் பெயோ என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டங்களில் தனித்தனியாக வேகவைத்த அரிசி மாவு. மேலே உலர் இறால் பொடி, வெங்காயத்தாள் எண்ணெய். ஒரு தாம்பாளத்தில் பத்துப் பன்னிரண்டு தட்டங்களை அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். வாழையிலையில் மடித்து அவித்த பான் நாம் இன்னொன்று. பன்றிப் பொரியல் தூவ வேண்டாம் என்று சைகையில் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். பூன் போ என்ற புகழ்பெற்ற காரச் சேவை எலுமிச்சம்புல்லும் இறால் சாந்தும் மிளகாயும் போட்ட மாட்டிறைச்சிச் சாறு. அதை நான் சாப்பிட்டேன், மாமா பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கின் இனிப்பு ஹுவேயில் மறைந்து, உப்பும் உறைப்பும் ஏறிவிடுகிறது. ஆந்திராவுக்குப் போனவன் மாதிரி எனக்குக் கண்ணில் தண்ணீர்.

ஆனால் ஹுவே என்றால் எனக்கு கோம் ஹேன்தான். வாசனை ஆறு என்று அவர்கள் அழைக்கும் ஆற்றின் நடுவில் ஒரு திட்டு. அதைச் சுற்றி வண்டலில் அரித்தெடுக்கும் நகத்தளவு மட்டிகளை வேகவைத்து, சதையைத் தனியாகவும் வெந்த தண்ணீரைத் தனியாகவும் வைத்துக்கொள்கிறார்கள். கிண்ணத்தில் போடுவது சுடுசோறு இல்லை, ஆறிய பழைய சோறு. அதன்மேல் மட்டிச்சதை, மெல்லியதாக நறுக்கிய வாழைப்பூ, சேப்பந்தண்டு, தழைகள், வேர்க்கடலை, எள், இறால் சாந்து, பிறகு மிளகாய், மேலும் மிளகாய். மட்டித் தண்ணீர் சூடாகப் பக்கத்துக் கிண்ணத்தில். ஊற்றியும் சாப்பிடலாம், இடையிடையே குடித்தும் சாப்பிடலாம். ஆற்றில் இறங்கி அரித்தவர்களின் சாப்பாடு இது, மிச்சச் சோறும் காசில்லாத மட்டியும். அரசர்கள் இருந்த ஊரில் அரண்மனைப் பலகாரத்தை வாங்க ஆள் தேடுகிறார்கள். கோம் ஹேன் கடையில் காலை எட்டரைக்கே சோறு தீர்ந்துவிடுகிறது. மாமா வெறும் சோற்றையும் மட்டித் தண்ணீரையும் கேட்டு வாங்கி, இரண்டு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு இன்னொரு கிண்ணம் முடித்தார்.

சனிக்கிழமைக்கு நான் பயந்த அளவு ஒன்றும் ஆகவில்லை. ஹுவே பௌத்த மடங்களின் ஊர். பௌர்ணமியன்றும் பிறை மாதத்தின் முதல் நாளன்றும் நிறைய வீடுகளில் கறி, மீன் தொடமாட்டார்கள். சாய் என்று பலகை வைத்த சைவக் கடைகளில் பெரும்பாலும் முட்டைகூட இருக்காது, மீன் சாற்றுக்குப் பதில் சோயாச் சாறு. பலாக்காயில், காளானில், சோயாக் கட்டியில், வாழைப்பூவில் என்று அன்று வந்த சாப்பாட்டைப் பார்த்துவிட்டு, “இத முன்னமே சொல்லியிருந்தா வாரம் பூரா சனிக்கிழமையா வச்சிருப்பனே” என்றார் மாமா. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் கடையில் வதக்கிய வள்ளைக்கீரை சைவம் போலத் தெரியும், அதில் மீன் சாறு விழுந்திருக்கலாம். சாய் பலகை உள்ள கடைக்குப் போய்விட்டால் கேள்வியே இல்லை.

ஹனோயில் குளிர். மாமா குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டார். ஃபோ பிறந்தது வடக்கில், நாம் தின் வட்டாரத்தையும் ஹனோயையும் சுற்றி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1954-இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது லட்சக்கணக்கானவர்கள் தெற்கே போனார்கள், ஃபோவும் போனது. சைகோனில் அதற்குச் சர்க்கரை, முளைப்பயறு, துளசித்தழை, இனிப்புச் சாந்து என்று நகை பூட்டிவிட்டார்கள். ஹனோயில் தெளிந்த சாறு, சேவை, இறைச்சி, வெங்காயத்தாள். அவ்வளவுதான். கோழி ஃபோ தனியாகக் கிடைப்பதால் மாமாவுக்கும் குறையில்லை. எது உசத்தி என்ற சண்டை அந்த நாட்டில் இன்னும் ஓயவில்லை. எனக்கு வடக்குதான். மறைப்பதற்கு எதுவும் இல்லாத சாற்றில் சமைத்தவரின் கை தெரியும்.

ஹனோயின் இன்னொரு பெருமை சா கா. மீன் துண்டுகளில் மஞ்சள் தடவி, மேசையிலேயே அடுப்பு வைத்து, கைநிறையச் சதகுப்பைத் தழையும் வெங்காயத்தாளும் போட்டு வதக்கித் தருகிறார்கள். நம் ஊரில் நாட்டுமருந்துக் கடையில் விதையாக மட்டும் பார்க்கிற சதகுப்பையை அங்கே கீரை போல அள்ளிச் சாப்பிடுகிறார்கள். மாமா அந்த வெங்காயத்தாளைக் கட்டுக்கட்டாக எண்ணி, ஒரு மேசைக்கு எவ்வளவு ஆகும், ஒரு தெருவுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முட்டைக் காபியும் அந்த ஊர் சமாச்சாரம்தான். 1946-இல் பால் கிடைக்காத நேரத்தில் மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த ஒருவர் முட்டைக்கருவை அடித்து நுரையாக்கி மேலே ஊற்றியதில் ஆரம்பித்தது. நல்ல கும்பகோணம் டிகிரி காபி குடித்தவருக்கு அது காபியில்லை, பாயசம். ஒருமுறை குடிக்கலாம்.

திரும்பும் விமானமும் திருச்சிக்குத்தான் என்பதால் இப்படிப் போக நினைக்கிறவர்களுக்கு வசதி. சைகோனில் இறங்கி ரயிலில் வடக்கே போய், ஹனோயிலிருந்து உள்நாட்டு விமானத்தில் சைகோன் வந்து ஏறிவிடலாம். எந்த ஊரிலும் ஒரே ஒரு சாப்பாடு மட்டும் விற்கிற, குட்டி நாற்காலி போட்ட கடையைத் தேடுங்கள். படம் போட்ட நூறு வகைப் பட்டியல் இருக்கிற கடையில் எந்த ஊர்ச் சாப்பாடும் கிடைக்காது. நல்ல கடைகள் பல காலையிலேயே முடிந்துவிடும், ஏழு மணிக்குமேல் தூங்காதீர்கள். அடுத்த ஊரில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள். பான் கானும் கோம் ஹேனும் அதனதன் ஊரில் சாப்பிட வேண்டியவை. வயதானவர்களை அழைத்துப் போகத் தயங்க வேண்டாம், புளியும் அரிசியும் மீனும் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அது கடினமான நாடு அல்ல.

டூரில்தான் போவீர்கள் என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்து, ‘இந்திய உணவகத்தில் இரவு உணவு’ என்ற வரிகளில் பாதியையாவது அடித்துத் தரச் சொல்லுங்கள்.